ஒன்பதாம் வகுப்பில் என்ன பாடம் எடுப்பது? கலிஃபோர்னியா ஹைஸ்கூல் பாடத் திட்டமிடல், முதலிலிருந்து

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை கலிஃபோர்னியாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வருவார்கள். அடுத்த ஆண்டு ஹைஸ்கூலில் என்னென்ன பாடம் எடுக்கப்போகிறாய் என்று கேட்கும் படிவம் அது. பெரும்பாலும் ஆறு கட்டங்கள். இரண்டு மூன்று ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். மிச்சத்தை நிரப்பி, பெற்றோர் கையெழுத்தோடு சில நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

தமிழ்நாட்டில் பத்தாவது வரைக்கும் எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம். பதினொன்றாவதில் எந்த குரூப் என்று ஒரே ஒரு முடிவெடுத்தால் மீதியைப் பள்ளியே பார்த்துக்கொள்ளும். அப்படிப் படித்து வந்த பெற்றோருக்கு, பதினான்கு வயதுப் பிள்ளை பாடம் பாடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே புதிது. அதனால் வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள். “நைன்த் மார்க்கை காலேஜ் பார்க்காது”, “ஏபி எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது”, “பாஸானா போதும், டிப்ளமோ வந்துடும்” என்று பதில் வருகிறது. (ஏபி என்பது ஹைஸ்கூலிலேயே கல்லூரி அளவில் நடத்தப்படும் பாடம். டிப்ளமோ என்பது ஹைஸ்கூல் முடித்ததற்கான சான்றிதழ்.) மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி பதினொன்றாம் வகுப்பில் வந்து இடிக்கிறது, அப்போது சரிசெய்ய நேரம் குறைவு.

இங்கே சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவின் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். டெக்சாஸ், நியூ ஜெர்சி விதிகள் வேறு. அங்கே இருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே பிளான், இரண்டு அலுவலகம்

ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இது பழக்கமான விஷயம். பிளானை முதலில் மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ காட்டி அப்ரூவல் வாங்குவோம். அவர்கள் பார்ப்பது குறைந்தபட்ச விதிகளை: தெருவிலிருந்து போதுமான அளவு தள்ளியிருக்கிறதா, உயரம் வரம்புக்குள் இருக்கிறதா. அதே பிளானைக் கடனுக்காக வங்கிக்கு எடுத்துப் போனால், அவர்கள் வேறொரு பட்டியலை எடுத்து வைப்பார்கள். அப்ரூவல் இருக்கிறது என்பதாலேயே கடன் கிடைத்துவிடாது. அப்ரூவல் இல்லாமலும் கிடைக்காது.

ஹைஸ்கூலின் நான்காண்டுத் திட்டத்தையும் இரண்டு இடத்தில் சரிபார்க்கிறார்கள். முதலாவது உங்கள் பள்ளி மாவட்டம், அதாவது உங்கள் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்பு. அது டிப்ளமோவுக்கு வேண்டியதைப் பார்க்கிறது. இதைப் பட்டமளிப்புத் தேவை என்று சொல்லலாம். இரண்டாவது பல்கலைக்கழகம். யூசி என்று சொல்லப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும், சிஎஸ்யு என்று சொல்லப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘ஏ-ஜி’ என்ற ஏழு பிரிவுகள் கொண்ட பட்டியலைப் பயன்படுத்துகின்றன. இரண்டு பட்டியலும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று விழும், ஆனால் முழுதாக விழாது. குழப்பத்தில் பெரும்பகுதி இந்த விடுபட்ட இடத்தில்தான் பிறக்கிறது.

கிரெடிட் என்றால் என்ன?

ஓர் ஆண்டை இரண்டாகப் பிரித்தால் கிடைப்பது செமஸ்டர். ஒரு செமஸ்டர் ஒரு பாடத்தைப் படித்துத் தேறினால், பெரும்பாலான கலிஃபோர்னியா பள்ளிகளில் 5 கிரெடிட். ஆண்டு முழுக்க என்றால் 10. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் வரும் கிரேடுதான் டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் நிரந்தரப் பதிவேட்டில் ஏறும். நடுவில் வரும் முன்னேற்ற அறிக்கைகள் அதில் ஏறாது.

ஒரு நாளைக்கு ஆறு பீரியட் என்றால் ஆண்டுக்கு 60 கிரெடிட், நான்கு ஆண்டுக்கு 240. மொத்தம் எத்தனை கிரெடிட் வேண்டும் என்பதை அந்தந்த மாவட்டம் முடிவு செய்கிறது. பல இடங்களில் அது 200-க்கு மேல். உங்கள் மாவட்டம் 220 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நான்கு ஆண்டிலும் சேர்த்துக் கையில் மிச்சம் 20 கிரெடிட்தான். இரண்டு முழு ஆண்டுப் பாடங்களில் எஃப், அதாவது ஃபெயில், வாங்கினால் அந்த மிச்சம் போய்விடும். அதற்குப் பிறகு சம்மர் ஸ்கூல் தவிர வழி குறைவு.

முதல் பட்டியல்: டிப்ளமோவுக்கு

மாநிலச் சட்டம் ஒரு குறைந்தபட்ச அளவை வைத்திருக்கிறது. ஆங்கிலம் 3 ஆண்டு. கணக்கு 2 ஆண்டு. அதில் அல்ஜீப்ரா 1 அளவு கட்டாயம். அறிவியல் 2 ஆண்டு. ஒன்று உயிரியல் சார்ந்தது, ஒன்று இயற்பியல்-வேதியியல் சார்ந்தது. சமூக அறிவியல் 3 ஆண்டு: உலக வரலாறு, அமெரிக்க வரலாறு, அரசாங்கம் ஒரு செமஸ்டர், பொருளாதாரம் ஒரு செமஸ்டர். உடற்கல்வி 2 ஆண்டு. இவற்றோடு கலை, வேற்றுமொழி, தொழிற்கல்வி இவற்றில் ஏதாவது ஒன்று ஓர் ஆண்டு.

இதற்கு மேல் மாவட்டங்கள் தாங்களே சேர்த்துக்கொள்ளும். ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணக்கு மூன்று ஆண்டு, ஹெல்த் ஒரு செமஸ்டர், இனக்குழுக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் சொல்லும் எத்னிக் ஸ்டடீஸ் ஒரு செமஸ்டர் என்று கேட்கும் மாவட்டங்கள் உண்டு. 2024-ல் வந்த சட்டப்படி, 2030-31 கல்வியாண்டில் பட்டம் பெறும் மாணவர்களிலிருந்து தனிநபர் நிதி என்ற ஒரு செமஸ்டர் பாடமும் கட்டாயம். ஆகவே மூத்த பிள்ளையின் பழைய தாளை வைத்துக்கொண்டு இளைய பிள்ளைக்குத் திட்டம் போட வேண்டாம். பிள்ளை பட்டம் பெறும் ஆண்டுக்கு உரிய தாளை மாவட்டத்தின் இணையதளத்தில் எடுங்கள்.

இரண்டாவது பட்டியல்: ஏ முதல் ஜி வரை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். ஏ-ஜி-யில் வரும் எழுத்துகள் மதிப்பெண் அல்ல, பாடப் பிரிவுகளின் பெயர்.

ஏ என்பது வரலாறு, 2 ஆண்டு. பி ஆங்கிலம், 4 ஆண்டு. சி கணக்கு, 3 ஆண்டு. 4 எடுப்பது நல்லது என்று பல்கலைக்கழகமே சொல்கிறது. டி அறிவியல், 2 ஆண்டு. 3 எடுக்கச் சொல்கிறார்கள். இ ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி, ஒரே மொழியில் 2 ஆண்டு. இதிலும் 3 நல்லது. எஃப் என்பது ஓவியம், இசை, நாடகம், நடனம் போன்ற கலை, 1 ஆண்டு. ஜி ஒரு கூடுதல் பாடம், 1 ஆண்டு. மேலே உள்ள பிரிவுகளில் அளவுக்கு மேல் எடுத்ததையே இதற்குக் காட்டலாம்.

கூட்டினால் 15 முழு ஆண்டுப் பாடங்கள். இவற்றில் 11 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டும். கடைசி ஆண்டில் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே ஓடாது.

பாடத்தின் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. அந்தப் பள்ளியின் அந்தப் பாடத்தை யூசி பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக இந்தப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. யூசி-யின் ஏ-ஜி கோர்ஸ் லிஸ்ட் பக்கத்தில் பள்ளியின் பெயரைப் போட்டால் வந்துவிடும். பக்கத்துப் பள்ளியில் ஒப்புதல் பெற்ற பாடம் உங்கள் பள்ளியில் பெறாமல் இருக்கலாம்.

இதுவரை சொன்னதன் சாரம்: டிப்ளமோ பட்டியல் மாவட்டத்துடையது, ஏ-ஜி பட்டியல் பல்கலைக்கழகத்துடையது. ஒரே பாடம் இரண்டிலும் எண்ணப்படலாம், ஒன்றில் மட்டும் எண்ணப்படலாம், எதிலும் எண்ணப்படாமல் வெறும் கிரெடிட்டாக நின்றுபோகவும் செய்யலாம்.

இரண்டும் எங்கே பிரிகின்றன?

மிகப் பெரிய விரிசல் ‘டி’ கிரேடில் இருக்கிறது. ஒரு பாடத்தில் டி வாங்கினாலும் பள்ளியைப் பொறுத்தவரை பாஸ். 5 கிரெடிட் ஏறிவிடும். யூசி, சிஎஸ்யு இரண்டுக்கும் சி அளவாவது வேண்டும். பள்ளியிலிருந்து எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் அவர்கள் கணக்குப்படி எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்பதாவது உயிரியலில் வாங்கிய டி-யைப் பன்னிரண்டாவதில் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள்.

கணக்கிலும் மொழியிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பு உண்டு. முதல் செமஸ்டரில் டி வாங்கி, இரண்டாம் செமஸ்டரிலோ அதற்கு மேற்பட்ட நிலையிலோ சி வாங்கினால் முந்தைய குறை நிறைந்ததாக எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்திலும் வரலாற்றிலும் அப்படி இல்லை. அந்த செமஸ்டரைத் திரும்பப் படித்தே ஆக வேண்டும். டி அல்லது எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்தால் புதிய கிரேடை யூசி எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே சி வாங்கிய பாடத்தை பி ஆக்குவதற்காகத் திரும்பப் படித்தால் எடுத்துக்கொள்ளாது.

அடுத்தது மொழி. டிப்ளமோவுக்கு கலையோ மொழியோ ஒன்று போதும் என்கிறது மாநிலச் சட்டம். ஏ-ஜி-க்கு இரண்டும் வேண்டும், அதுவும் மொழி இரண்டு ஆண்டு. ஒன்பதாவதில் ஸ்பானிஷ் 1, பிடிக்கவில்லை என்று பத்தாவதில் பிரெஞ்சு 1 என்று மாறினால், இரண்டு ஆண்டு படித்தும் ‘இ’ நிறையாது. கலையிலும் இதே சிக்கல். ஒரு செமஸ்டர் நாடகம், ஒரு செமஸ்டர் ஓவியம் என்று எடுத்தால் கிரெடிட் ஏறும், ஆனால் எஃப் பிரிவு கேட்பது ஒரே கலையில் ஓர் ஆண்டு.

கணக்கில் மாநிலம் கேட்பது 2, ஏ-ஜி கேட்பது 3. மூன்றாவது பாடம் அல்ஜீப்ரா 2 அளவில் இருக்க வேண்டும். கணக்கு கடினமாக இருக்கிறது என்று டேட்டா சயின்ஸ் பக்கம் போகலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது அல்ஜீப்ரா 2-க்கு மாற்று ஆகாது என்று யூசி 2023-ல் முடிவெடுத்துவிட்டது. அல்ஜீப்ரா 2-ஐ முடித்துவிட்டு, விருப்பத்துக்காக எடுக்கலாம்.

உடற்கல்வி எதிர்ப்பக்கம் நிற்கிறது. டிப்ளமோவுக்கு 20 கிரெடிட் அதிலிருந்து வர வேண்டும். ஏ-ஜி-யில் அதற்கு இடமே இல்லை. ஒன்பதாவதில் மாநில உடற்தகுதித் தேர்வு நடப்பதால் அந்த ஆண்டு அதைத் தவிர்ப்பது சுலபமில்லை. இரண்டாவது ஆண்டுக்குப் பள்ளி அணி விளையாட்டையோ மார்ச்சிங் பேண்டையோ ஏற்கும் மாவட்டங்கள் உண்டு. உங்கள் மாவட்டம் ஏற்குமா என்று கேட்டால், ஒரு பீரியட் மிச்சமாகலாம்.

கணக்கில் எங்கே தொடங்குவது?

ஒன்பதாம் வகுப்புப் படிவத்தில் இருக்கும் ஆறு கட்டங்களில் ஐந்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கணக்குக் கட்டம் மட்டும் அடுத்த நான்கு ஆண்டைக் கட்டிப்போடும். காரணம், முன்தேவை. ஒரு பாடத்தை எடுக்க அதற்கு முன் இன்னொன்றை முடித்திருக்க வேண்டும் என்ற விதிக்கு அதுதான் பெயர்.

வழக்கமான வரிசை இது: அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். சில மாவட்டங்களில் முதல் மூன்றையும் கலந்து இன்டெக்ரேட்டட் மேத் 1, 2, 3 என்று வைத்திருப்பார்கள். ஒன்பதாவதில் அல்ஜீப்ரா 1-ல் தொடங்கும் பிள்ளை பன்னிரண்டாவதில் ப்ரீகால்குலஸில் நிற்கும். எட்டாவதிலேயே அல்ஜீப்ரா 1 முடித்து ஜியாமெட்ரியில் தொடங்கினால் பன்னிரண்டாவதில் கால்குலஸ் வரும்.

இஞ்சினியரிங் விருப்பம் இருந்தால் கால்குலஸ் வரை போகும் பாதை பயனுள்ளது, அதை மறுப்பதற்கில்லை. அதற்காகக் கோடையில் ஆறு வாரத்தில் ஜியாமெட்ரியை முடித்துவிட்டு ஒரு படி தாண்டுவது பல தமிழ்க் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. ஓர் ஆண்டுப் பாடத்தை ஆறு வாரத்தில் படிக்கும்போது, ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலே ஒரு வாரப் பாடம் போய்விடும். நிரூபணங்களை ஊன்றிப் படிக்காமல் வரும் பிள்ளை அல்ஜீப்ரா 2-விலும் முக்கோணவியலிலும் திணறுவதுண்டு. அங்கே வாங்கும் கிரேடு, ஜிபிஏ எனப்படும் கிரேடு சராசரியில் நேராக இறங்கும். அந்தப் பிள்ளைக்குக் கணக்கு உண்மையிலேயே பிடிக்கும் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். செய்தாலும், வெளியே படிக்கும் பாடத்துக்குப் பள்ளியின் எழுத்துபூர்வ முன் அனுமதியை வாங்கிவிடுங்கள். அனுமதி இல்லாமல் படித்ததைப் பல பள்ளிகள் டிரான்ஸ்கிரிப்டில் ஏற்றுவதில்லை.

எட்டாவதில் படித்த அல்ஜீப்ரா 1 பற்றி ஒரு நுணுக்கம். யூசி அதை ‘சி’ பிரிவில் ஓர் ஆண்டாக ஏற்கும். மாநிலச் சட்டமும் அல்ஜீப்ரா நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று ஒப்புக்கொள்ளும். ஆனாலும் ஹைஸ்கூலில் இரண்டு ஆண்டு கணக்கு எடுப்பதிலிருந்து விலக்கு தராது. ஏழாவது, எட்டாவதில் படித்த ஸ்பானிஷும் இப்படித்தான். யூசி எண்ணும், பள்ளி பெரும்பாலும் கிரெடிட் தராது.

பள்ளி உங்கள் பிள்ளையைத் தவறான கணக்கு வகுப்பில் போட்டுவிட்டது என்று தோன்றினால் சும்மா இருக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியா கணக்கு வகுப்பு ஒதுக்கீட்டுச் சட்டம், 2015, இதற்காகவே வந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவரை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதற்கு மாவட்டம் வெளிப்படையான கொள்கை வைத்திருக்க வேண்டும். ஒரே ஆசிரியரின் கருத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, பல அளவுகோல்கள் வேண்டும். பள்ளி திறந்த முதல் மாதத்துக்குள் ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும். பெற்றோர் கேள்வி கேட்டால் அதற்கு ஒரு வழிமுறை இருக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் மின்னஞ்சலில் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அக்டோபரில் கேட்டால் வகுப்பில் இடம் இருக்காது.

ஒன்பதாம் வகுப்பு மார்க் உண்மையிலேயே எண்ணப்படாதா?

ஜிபிஏ என்பது கிரேடுகளின் சராசரி. ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1. யூசி தன் ஜிபிஏவை ஒன்பதாவது முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாவது முடிந்த கோடை வரை எடுத்த ஏ-ஜி பாடங்களை வைத்து மட்டும் கணக்கிடுகிறது. பிளஸ், மைனஸ் பார்ப்பதில்லை; ஏ மைனஸும் 4, பி பிளஸும் 3. கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்குக் குறைந்தபட்சம் 3.0 வேண்டும். சிஎஸ்யு-வுக்கு 2.5.

ஒன்பதாவது இந்தச் சராசரியில் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒன்பதாவதில் எடுத்த பாடங்கள் அந்த 15-ல் எண்ணப்படுகின்றன, சி-க்குக் குறைந்தால் எண்ணப்படுவதில்லை. விண்ணப்பத்தில் ஒன்பதாவது கிரேடுகளையும் எழுதித்தான் ஆக வேண்டும், படிப்பவர் பார்க்கிறார். சிஎஸ்யு-வில் சேர்ந்ததே ஆனாலும் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் இருக்கும் கால் பாலி ஒன்பதாவதையும் ஜிபிஏவில் சேர்க்கிறது. தனியார் கல்லூரிகளும் வெளிமாநிலக் கல்லூரிகளும் முழு டிரான்ஸ்கிரிப்டைக் கேட்கும். யூசி 2021-லிருந்து எஸ்ஏடி, ஏசிடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்க்கையில் பார்ப்பதில்லை என்பதால், வகுப்பறைக் கிரேடுகளின் எடை முன்பைவிடக் கூடியிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் ஆண்டுக்கு ஆறு ஏ-ஜி பாடம் என்றால் மொத்தம் 24 செமஸ்டர் கிரேடுகள். அவற்றில் 16 ஏ, 8 பி என்று வைத்துக்கொள்வோம். 16 முறை 4 என்றால் 64, 8 முறை 3 என்றால் 24, கூட்டினால் 88. இதை 24-ஆல் வகுத்தால் 3.67.

இதன்மேல் கூடுதல் புள்ளி வரும். கல்லூரி அளவில் நடத்தப்படும் ஏபி பாடங்களுக்கும், யூசி ஒப்புக்கொண்ட, வழக்கத்தைவிடக் கடினமான ஹானர்ஸ் பாடங்களுக்கும் சி அல்லது அதற்கு மேல் வாங்கினால் செமஸ்டருக்கு 1 புள்ளி சேர்ப்பார்கள். மொத்தம் 8 செமஸ்டர்தான் உச்சவரம்பு. அதிலும் பத்தாவதிலிருந்து 4-க்கு மேல் எடுக்க மாட்டார்கள். மேலே சொன்ன பிள்ளை நான்கு முழு ஆண்டு ஏபி எடுத்திருந்தால் 88 என்பது 96 ஆகும். 24-ஆல் வகுத்தால் 4.0. அதே பிள்ளை ஆறு ஏபி எடுத்திருந்தாலும் இந்த வரம்பிட்ட ஜிபிஏ அதே 4.0 தான். கூடுதலாக எடுத்த இரண்டில் ஏ நழுவி பி ஆகியிருந்தால் 4.0-க்குக் கீழே இறங்கியிருக்கும்.

கடினமான பாடங்கள் எடுத்திருக்கிறாரா என்பதையும் விண்ணப்பம் படிப்பவர்கள் பார்க்கிறார்கள். அதனால் ஏபியே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கிடையாது. ஒன்பதாவதில் எடுக்கும் ஏபிக்கு யூசி-யில் கூடுதல் புள்ளி எதுவும் இல்லை என்பதையும், எண்ணிக்கையைக் கூட்டினால் ஜிபிஏ கூடிக்கொண்டே போகாது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். புதிய பள்ளி, புதிய நண்பர்கள், ஆறு ஆசிரியர்கள், ஆறு விதமான வீட்டுப்பாடம் என்று ஒன்பதாவதே ஒரு பாரம். அந்த ஆண்டில் ஏபியைத் திணிக்க எந்த அவசரமும் இல்லை.

சுருக்கமாக: ஒன்பதாவது கிரேடு யூசி சராசரியில் சேராது, ஏ-ஜி தகுதியில் சேரும், மற்ற பல கல்லூரிகளில் முழுதாகவே சேரும்.

ஆறு கட்டங்களை நிரப்புவது

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பினால் ஒன்பதாவது பெரும்பாலும் இப்படி அமையும். இங்கிலீஷ் 9. கணக்கு, பிள்ளை நிற்கும் படியைப் பொறுத்து. அறிவியலில் உயிரியல், பல பள்ளிகளில் இதற்கு ‘த லிவிங் எர்த்’ என்று பெயர் வைத்திருப்பார்கள், பெயரைப் பார்த்துப் புவியியல் பாடம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வேற்றுமொழி. உடற்கல்வி. ஆறாவதாக ஓர் ஆண்டுக் கலை, அல்லது மாவட்டம் கேட்கும் எத்னிக் ஸ்டடீஸ், ஹெல்த்.

இந்த ஆறோடு நிறுத்திவிடாமல் ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போட்டுப் பன்னிரண்டாவது வரை எழுதுங்கள். பின்னாலிருந்து எழுதுவது சுலபம். பன்னிரண்டாவதில் இயற்பியல் ஏபி வேண்டுமா? அதற்கு என்ன முன்தேவை? அது எந்த ஆண்டில் விழும்? இப்படி இறங்கி வந்தால் ஒன்பதாவதில் எது தவறக் கூடாது என்பது தானாகவே தெரியும். ஒவ்வொரு பாடத்துக்குப் பக்கத்திலும் அது எந்த ஏ-ஜி பிரிவில் விழுகிறது என்று குறியுங்கள். எழுத்து எதுவும் எழுத முடியாத பாடங்கள் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால், 15-ஐ எட்டுவது நெருக்கமாகிவிடும்.

படிவத்தில் மாற்றுப் பாடம் என்று சிறியதாக ஒரு வரி இருக்கும். பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். எல்லாப் படிவங்களையும் சேர்த்துத்தான் எந்தப் பாடத்துக்கு எத்தனை வகுப்பு, எந்த ஆசிரியர், எந்த பீரியட் என்ற முழுப் பள்ளி அட்டவணையைப் போடுகிறார்கள். ஆர்க்கெஸ்ட்ரா போன்ற பாடங்களுக்கு ஒரே ஒரு வகுப்புதான் இருக்கும். அதே பீரியடில் உங்கள் பிள்ளை கேட்ட இன்னொரு ஒற்றை வகுப்பும் வந்துவிட்டால் ஒன்று அடிபடும். அடிபட்ட இடத்தில் மாற்று வரியில் எழுதியது வரும். எழுதவில்லை என்றால் எங்கே நாற்காலி காலியோ அங்கே போடுவார்கள். ஆகஸ்டில் போய் மாற்றக் கேட்டால் கிடைப்பது அரிது. மாற்றுப் பாடமும் ஏ-ஜி பாடமாகவே இருக்கட்டும்.

பள்ளி தொடங்கிய பிறகு ஒரு பாடத்தை விட வேண்டுமென்றால் கடைசித் தேதி உண்டு. அதைத் தாண்டி விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் எஃப் ஏறக்கூடிய பள்ளிகள் இருக்கின்றன. தேதியை முதல் வாரமே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

உள்ளூரில் இருக்கும் இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுப்பதும் ஒரு வழி. யூசி-க்கு மாற்றத்தக்க ஒரு செமஸ்டர் கல்லூரிப் பாடம் ஹைஸ்கூலின் ஓர் ஆண்டுக்குச் சமம். அங்கே வாங்கும் கிரேடு கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக நிற்கும் என்பதால், ஒன்பதாவதில் இதைத் தொட வேண்டியதில்லை.

தமிழ் படிக்கும் பிள்ளைக்கும், ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கும்

வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படிப்பதற்கு வேற்றுமொழி கிரெடிட் தரும் மாவட்டங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கின்றன. தானாக வராது. அந்தத் தமிழ்ப் பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, மாவட்டம் எத்தனை கிரெடிட் ஏற்கும், அது ‘இ’ பிரிவில் யூசி-க்குச் செல்லுமா என்ற மூன்றையும் கவுன்சிலரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கவுன்சிலர் என்பவர் பாடத் திட்டமிடலுக்குப் பொறுப்பான பள்ளி அலுவலர். ஒருவரிடம் பல நூறு மாணவர்கள் இருப்பார்கள், அடிக்கடி மாறவும் செய்வார்கள். வாய்மொழியாகச் சொன்னது அடுத்த ஆண்டு வருபவருக்குத் தெரியாது.

இந்தியாவிலிருந்து புதிதாக வந்து சேருபவர்கள் சேர்க்கையின்போது வீட்டு மொழிப் படிவம் ஒன்றை நிரப்புவார்கள். அதில் தமிழ் என்று எழுதினால், கலிஃபோர்னியாவில் அதுவரை படிக்காத பிள்ளைக்கு 30 நாட்களுக்குள் எல்பேக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு நடக்கும். உண்மையை எழுதுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. தேர்வு முடிவின்படி பிள்ளை ஆங்கிலம் கற்பவர் என்று வகைப்படுத்தப்பட்டால், ஆங்கில மேம்பாட்டு வகுப்பு ஒன்று அட்டவணையில் சேரக்கூடும். அது ஒரு பீரியடை எடுத்துக்கொள்ளும். ‘பி’ பிரிவின் நான்கு ஆண்டுகளில் ஓர் ஆண்டுக்கு மட்டுமே இத்தகைய வகுப்பை யூசி ஏற்கிறது. அதனால் இங்கிலீஷ் 9-ஐயும் அதோடு சேர்த்தே எடுக்க முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளை என்றால், தேர்வு நாளில் பேசும் பகுதியில் கூச்சப்பட்டு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல் முழு வாக்கியமாகப் பேசப் பழக்கி அனுப்புங்கள்.

கூடவே ஊரில் படித்த வகுப்புகளின் மதிப்பெண் பட்டியலையும், முடிந்தால் கணக்குப் பாடப்புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தையும் கொண்டு வாருங்கள். நம் ஊரில் அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி, முக்கோணவியல் மூன்றும் ‘கணிதம்’ என்ற ஒரே பெயரில் இருக்கும். அந்தத் தலைப்பை மட்டும் பார்க்கும் பள்ளி, எதற்கும் இருக்கட்டும் என்று அல்ஜீப்ரா 1-ல் உட்கார வைத்துவிடும். அத்தியாயங்களின் பட்டியலைக் காட்டி, எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும் இடநிலைத் தேர்வு கேட்டால், பிள்ளை ஏற்கெனவே முடித்த ஓர் ஆண்டுக் கணக்கை மறுபடி படிக்க வேண்டியிருக்காது.